இருமல் சத்தம் இருக்கட்டும்!

பணக்கார வீட்டுப் பையன் ஏழை வேஷத்தில் கிராமத்துக்கு வருவான். அங்கே ஒரு பெண்ணைக் காதலிப்பான். அவளை ஒருதலையாக விரும்பும் உள்ளூர்க்காரன் விஷயத்தைப் போட்டு உடைப்பான். பெண் புத்தி பேதலித்துச் செத்துப்போவாள். இடைவேளை. அப்புறம் ஆவியாக வந்து அவனையே காப்பாற்றுவாள்.

எந்தத் தமிழ்ப் படம் என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். பெயர் 'ஜிசெல்'. பிரெஞ்சு பாலே நாட்டியம். ரிலீஸ், 1841 ஜூன் 28, பாரிஸ் ஆபரா. இசை அடோல்ஃப் ஆடம். கதை எழுதிய இருவரில் ஒருவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே.

மேடையில் ஆடும்போதே ஆர்கெஸ்ட்ராவோடு பதிவு செய்த 'ஜிசெல்' ஒன்றைக் கேட்டேன். ஸ்டூடியோ பதிவில் கிடைக்காத சங்கதியெல்லாம் இதில் இலவசம். குதித்து இறங்கும் கால்களின் 'தொப்', யாரோ ஒரு புண்ணியவானின் இருமல், வாத்தியம் ஓயுமுன்னே அவசரக் கைதட்டல். நம்ம சபாக்காரர்கள் யாராவது போயிருந்தார்களோ என்னமோ! ஆனால் அவளுக்குப் புத்தி பேதலிக்கிற இடத்தில், முன்பு காதலிக்கும்போது வந்த அதே மெட்டு துண்டு துண்டாகத் திரும்பி வருகிறது பாருங்கள், அங்கே அந்தப் புண்ணியவான்கூட இருமவில்லை.

கோத்தியேவுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1838-ல் கடலூர் பக்கம் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிகள், மூன்று வாத்தியக்காரர்களோடு கப்பலேறிப் பாரிஸில் போய் ஆடினார்கள். பார்த்த கோத்தியே சொக்கிப்போய் எழுதித் தள்ளிவிட்டார். அதிலும் அமனி என்ற பெண்ணைப் பற்றி விசேஷமாக. பார் என்ற சிற்பி அவளுக்கு வெண்கலத்தில் சிலையே செய்தார். மூன்று வருஷத்தில் 'ஜிசெல்' வந்தது.

அமனியின் சிலை இருக்கிறது. அவளை ஆட்டிவைத்த மத்தளமும் தாளமும் எப்படி ஒலித்தன? தெரிந்துகொள்ள வழியில்லை. எடிசனின் போனோகிராஃப் வந்ததே 1877-ல்தான். ஆடம் காகிதத்தில் எழுதி வைத்தார். 180 வருஷம் கழித்தும் எடுத்து வாசிக்கிறார்கள். நம்மவர்கள் கையிலும் தொண்டையிலும் வைத்திருந்தார்கள். ஆளோடு போச்சு.

இங்கே கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கவலை எதற்கு என்பீர்கள். பல கோயில்களில் இப்போது பூஜைக்கு சுவிட்ச் போட்டால் அடிக்கிற மேளம் வந்துவிட்டது. அதைப் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. எந்த ஊரிலும், எந்த நாளும் ஒரே அடிதான். நாயனக்காரர் அப்படியா? இன்றைக்கு வாசித்த தோடி நாளைக்கு அவருக்கே வராது.

எல்லார் பையிலும் செல்போன் இருக்கிறது. அடுத்த திருவிழாவில் சாமியோடு செல்ஃபி எடுத்து முடித்ததும், அதைக் கொஞ்சம் நாயனக்காரர் பக்கம் திருப்பிப் பிடியுங்கள், சார். அவர் பெயர், ஊர், தேதியைக் கேட்டுக் குறித்து வையுங்கள். நடுவில் யாராவது இருமினால் இருமட்டும்.