மர்ஃபிக்கு ஊர் உண்டு

சாமுவேல் பெக்கெட் என்றதும் இருள், வெறுமை, அபத்தம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஒரு மொட்டை மரம், இரண்டு நாடோடிகள், கடைசிவரை வராத ஒருவர். அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. அவர் எழுதிய மனிதனுக்கு ஊரும் காலமும் கிடையாது, அவன் எங்கேயும் இருக்கக்கூடிய பொது மனிதன் என்று ஆங்கில இலக்கிய வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். நாடகம் போடுகிறவர்களும் கறுப்புத் திரையும் மங்கல் வெளிச்சமும் இல்லாமல் அவரை மேடையேற்றத் துணிவதில்லை.

இந்த நம்பிக்கை தவறானது. இதனால் இரண்டு கேடுகள். நல்ல வாசகர்கள் பயந்துபோய், உலகின் மிகச் சிறந்த நகைச்சுவை எழுத்தாளர்களில் ஒருவரைத் தொடாமலேயே விட்டுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய கேடு, பிழைக்க வழியின்றி ஊர்விட்டுப் போன ஒரு தலைமுறையின் கதையை 'மனித இருப்பின் அவலம்' என்ற பெரிய சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவது.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. 1953 ஜனவரியில் பாரிஸில் அவருடைய 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம் மேடையேறியது. 1961இல் மார்ட்டின் எஸ்லின் அபத்த நாடகம் பற்றிய தன் நூலில் பெக்கெட்டை முன்வரிசையில் உட்கார வைத்தார். 1969இல் நோபல் பரிசு வந்தது. உலகம் அறிந்த பெக்கெட், ஐம்பதை நெருங்கியபோது உருவானவர். அந்த நாடகத்தின் ஆங்கில வடிவத்துக்கு அவர் 'சோகமும் நகைச்சுவையும் கலந்த நாடகம்' என்றுதான் துணைத்தலைப்பு வைத்தார். சோகத்தை எடுத்துக்கொண்டு நகைச்சுவையைக் கைவிட்டவர்கள் நாம்.

அந்தப் பெக்கெட்டுக்கு முன்பே இன்னொருவர் இருந்தார். 1938இல் லண்டன் ரூட்லெட்ஜ் நிறுவனம் வெளியிட்ட 'மர்ஃபி', அச்சில் வந்த அவருடைய முதல் நாவல். பதிப்பகம் பதிப்பகமாகத் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் ஓவியர் ஜாக் யேட்ஸின் சிபாரிசால் அச்சேறிய புத்தகம் அது. லண்டனுக்கு வந்த ஓர் ஐரிஷ்காரன், வேலை தேடி, கிடைத்த வேலையில் செத்துப்போகிற கதை. படிக்கும்போது சிரிப்பை அடக்க முடியாது. சிரித்து முடித்த இடத்தில் அடிவயிறு கலங்கும்.

ஊர் இல்லை, காலம் இல்லை என்பவர்கள் இந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். மர்ஃபி முதலில் இருப்பது மேற்கு பிராம்ப்டனில், இடிக்கச் சொல்லி உத்தரவான ஒரு கட்டடத்தில். பிறகு காதலி சீலியாவோடு குடியேறுவது புரூவரி ரோட்டில். ஒரு பக்கம் பெண்டன்வில் சிறை, மறுபக்கம் மாட்டுச்சந்தை. சீலியாவின் தாத்தா பட்டம் விடுவது கென்சிங்டன் பூங்காவின் வட்டக்குளத்தருகே. கதை நடப்பது 1935 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். தேதியும் நிலவின் நிலையும் பிசகக் கூடாது என்று விட்டேக்கர் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவர் பெக்கெட். டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தில் 1916 எழுச்சியின் நினைவாக வைக்கப்பட்ட குகூலின் வீரனின் சிலையை, நியரி என்ற பாத்திரம் தலையால் முட்டுகிற காட்சி வருகிறது. அந்தச் சிலை அங்கே வந்ததே 1935இல்தான். ஊரும் காலமும் இவ்வளவு கறாராக அமைந்த நாவலை எழுதியவரைத்தான் 'எங்குமில்லாதவர்' என்கிறோம்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது? 1922இல் அயர்லாந்துக்குச் சுதந்திர அரசு கிடைத்தது, பிழைப்பு கிடைக்கவில்லை. தலைமுறைகளாக ஐரிஷ் மக்கள் கப்பலேறிய அமெரிக்காவோ, 1924இன் ஒதுக்கீட்டுச் சட்டத்தாலும் 1929இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவாலும் கதவை ஒடுக்கிக்கொண்டது. கப்பல்கள் இங்கிலாந்துப் பக்கம் திரும்பின. பெக்கெட்டும் லண்டனில் இருந்தார். 1933இல் தந்தை இறந்தபின் நெஞ்சுப் படபடப்பும் பயமும் பிடித்தாட்ட, வில்ஃப்ரட் பியோன் என்ற உளவியல் மருத்துவரிடம் சிகிச்சை பெற வந்தார். வசதியான புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளை. வீட்டுப் பணத்தில் வாடகை அறையில் தங்கியவர். அவரையே லண்டன் டாக்சிக்காரர்கள் ஐரிஷ்காரர்களுக்கென்று வைத்திருந்த பட்டப்பெயரால்தான் கூப்பிட்டார்கள். அந்த அவமதிப்பை அவர் மறக்கவில்லை. இந்த நாவலை 1935இல் அதே நகரத்தில்தான் எழுதத் தொடங்கினார்.

மர்ஃபியின் மதிய உணவைப் பாருங்கள். தேநீர் இரண்டு பென்ஸ், பிஸ்கட் பொட்டலம் இரண்டு பென்ஸ். உணவு அவ்வளவுதான். தேநீர் வந்ததும் ஒரு பெரிய வாய் குடிக்கிறான். உடனே பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, நான் கேட்டது சீனத் தேநீர், நீங்கள் தந்தது இந்தியத் தேநீர் என்கிறான். புதுக் கோப்பை வருகிறது. அதிலும் கொஞ்சம் குடித்துவிட்டு, பால் அதிகம், சற்று வெந்நீர் ஊற்றுங்கள் என்கிறான். பிறகு இன்னும் கொஞ்சம் பால். இப்படி ஒரு கோப்பைக் காசுக்கு ஏறத்தாழ 1.83 கோப்பை குடித்துவிட்டான் என்று பெக்கெட் தசமப் புள்ளி போட்டுக் கணக்குச் சொல்கிறார். அந்தத் தசமப் புள்ளிதான் சிரிப்பு, அதுதான் வறுமையும். காசில்லாதவன் மனசுக்குள் நாள்முழுக்க ஓடுவது இந்தக் கணக்குதான். இதில் வெறுமை எங்கே இருக்கிறது? இருப்பது பசி.

வேலை தேடும் இடம் இன்னும் கூர்மையானது. வேலைக்குப் போகாவிட்டால் நான் மறுபடி தெருவுக்குப் போவேன் என்கிறாள் சீலியா. உடம்பை விற்றுப் பிழைத்தவள் அவள். மர்ஃபிக்காக அதை விட்டவள். மர்ஃபி கிரேஸ் இன் ரோட்டுப் பக்கம் மெழுகுவர்த்தியும் சோப்பும் விற்கிற ஒரு கடைக்கு வருகிறான். அவர்களுக்குத் தேவை துடிப்பான ஒரு கடைப்பையன். இவன் நிற்கிற கோலம் என்ன? காற்றே புகாத துணியில் தைத்து, பழசாகிப் பச்சை பூத்த கோட்டு. கழுத்தில் எலுமிச்சை நிற டை. கடைக்காரரும் வீட்டாருமாக ஓடி வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். இவன் பையனும் இல்லை, துடிப்பானவனும் இல்லை, இவன் என்ன ஜந்து என்று அவன் எதிரிலேயே ஆராய்கிறார்கள். ஊர்விட்டு ஊர் போய் வேலை கேட்டு நின்றவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். இதை 'மனிதனின் பிரபஞ்ச அந்நியம்' என்று விளக்குகிற ஆசிரியர், மாணவர்களுக்குக் கண்ணெதிரே இருப்பதை மறைக்கிறார்.

ஊரில் இருப்பவர்கள் பாடு என்ன? அயர்லாந்தில் மர்ஃபிக்காகக் காத்திருக்கிற மிஸ் கௌனிஹன், என் ஆள் லண்டனில் ரத்தம் சிந்தி உழைக்கிறார், எனக்குப் பழக்கமான சௌகரியங்களை அங்கேயும் செய்து தரத்தான் இந்தப் பாடு என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறாள். ஒரு கடிதம் இல்லை, ஒரு காசு இல்லை. ஆனாலும் கௌரவத்துக்கு அந்தக் கதை வேண்டியிருக்கிறது. வெளியூர் போனவனைப் பற்றி ஊர் கட்டுகிற பொய்யை இத்தனை சிக்கனமாக எழுதிக்காட்டிய நாவல்கள் குறைவு.

இருண்ட நகைச்சுவை என்றால் இருட்டை ரசிப்பது என்று நினைப்பவர்களுக்கு வீட்டுக்காரி மிஸ் கேரிட்ஜை அறிமுகப்படுத்த வேண்டும். மாடியறையில் குடியிருந்த கிழவர் சவரக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொள்கிறார். அவள் தெருவுக்கு ஓடிப் போலீஸைக் கூப்பிடுகிறாள், டாக்டரைக் கூப்பிடவில்லை. தான் கூப்பிட்டால் கட்டணம் தன் தலையில் விழும், போலீஸ் கூப்பிட்டால் விழாது. பிறகு அந்த அறைக்கே சீலியா மாறிக்கொள்கிறாள். பாதி இடம், பாதி வாடகை. இந்தக் காட்சியில் பெக்கெட் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாவைக்கூட வாடகைக் கணக்கில் எழுதுகிற நகரத்தை அதன் கணக்கைக்கொண்டே காட்டிக்கொடுத்தார். கண்ணீர் விட்டிருந்தால் நாமும் அழுது முடித்து நிம்மதியாகப் போயிருப்போம். சிரிக்க வைத்ததால்தான் தப்பிக்க முடியவில்லை.

தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்காரும் இடமும் ஒன்று உண்டு. மர்ஃபி வாழ்க்கை நடத்துவது ஆறு பென்ஸுக்கு வாங்கிய ஒரு ஜாதகத்தை நம்பி. அதைக் கணித்தவர் பெயர் ராமசுவாமி கிருஷ்ணசுவாமி நாராயணசுவாமி சுக். இது நம்மைக் கேலி செய்வது என்று கோபப்பட வேண்டியதில்லை. கேலி, அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை தேடுவதைத் தள்ளிப்போடும் மர்ஃபியின் மேல். எலுமிச்சை நிறம் ராசி என்று சொன்னது அந்த ஜாதகம்தான். ராசியான ஆண்டு 1936 என்றும் சொன்னது. மர்ஃபி 1935 அக்டோபரிலேயே செத்துவிடுகிறான்.

எதிர்ப்பக்கத்தின் வாதத்தையும் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. மர்ஃபி உழைப்பாளி இல்லை, சோம்பேறி. ஹாலந்திலிருந்து மாமா அனுப்பும் பணத்தில் காலம் தள்ளுகிறவன். நிர்வாணமாக ஆடுநாற்காலியில் தன்னைத்தானே கட்டிக்கொண்டு மனசுக்குள் ஒடுங்குகிறவன். ஓர் அத்தியாயம் முழுவதும் அவன் மனசைப் பற்றிய தத்துவம். இவனை எப்படிக் குடியேறிகளின் பிரதிநிதி என்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கட்டடத்தில் செங்கல் சுமந்த ஐரிஷ் தொழிலாளி இவன் இல்லைதான். ஆனால் மனசுக்குள் ஒடுங்குவதற்கும் வெளியே ஓர் இடம் வேண்டும். அந்த நாற்காலியைப் போட அறை வேண்டும், அறைக்கு வாடகை வேண்டும். நாவல் முழுக்க அவனுடைய தத்துவம் வாடகையில் வந்து முட்டுகிறது. கடைசியில் அவனுக்கு வேலை கிடைப்பது ஒரு மனநோய் மருத்துவமனையில், ஆண் செவிலியாக. அதுவும் டிக்கிள்பென்னி என்ற இன்னொரு ஐரிஷ்காரன் தாங்க முடியாமல் விட்டுப்போக நினைத்த வேலை. பெக்கெட் தன் மருத்துவ நண்பரோடு பெத்லெம் மருத்துவமனைக்குப் போய் நேரில் பார்த்து எழுதிய பகுதி இது. அங்கே அவனுக்குத் தரப்படும் மச்சு அறையில் கணப்புக் கிடையாது. கீழே கழிப்பறையிலிருந்து எரிவாயுவை ஒட்டுப்போட்டு இழுத்துவருகிறார்கள். அந்த எரிவாயுதான் அவனைக் கொல்கிறது. தத்துவம் கொல்லவில்லை.

அதன்பின் வருவது நாவலின் உச்சம். தன் சாம்பலை டப்ளின் அபே தியேட்டருக்குக் கொண்டுபோய், முடிந்தால் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே, அங்குள்ள கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் இழுத்துவிட வேண்டும் என்பது மர்ஃபியின் உயில். நாட்டின் பெருமை என்று கொண்டாடப்பட்ட மேடைக்குச் செய்த கேலி அது. ஊருக்குத் திரும்பும் ஆசையும் அதற்குள்ளேயே இருக்கிறது. சாம்பல் லண்டனைத் தாண்டவில்லை. பொட்டலத்தைச் சுமந்த கூப்பர் என்பவன், ஒரு மதுக்கடையில் எவனோ சீண்டினான் என்று அதைத் தூக்கி எறிகிறான். அது பந்தாக உதைபட்டு, தரையெல்லாம் சிதறி, விடிவதற்குள் பீரோடும் சிகரெட் துண்டோடும் எச்சிலோடும் கூட்டி அள்ளப்படுகிறது. இந்தப் பத்தியை ஜேம்ஸ் ஜாய்ஸ் மனப்பாடமாகச் சொல்லுவார். ஊர்விட்டு வாழ்ந்த இன்னொரு டப்ளின்காரருக்கு இது வெறும் வேடிக்கையாகப் பட்டிருக்காது.

இதையெல்லாம் எழுதிய மனிதர் 1938 ஜனவரியில் பாரிஸ் தெருவில் கத்திக்குத்துப் பட்டு மருத்துவமனையில் கிடந்தபோதும் இந்த நாவலின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளில், நாஜிகள் பிடித்த பிரான்சில் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து உயிரைப் பணயம் வைத்தார். எதிலும் அர்த்தமில்லை என்று நம்பியவர் செய்கிற காரியங்களா இவை?

ஆசிரியர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெக்கெட்டைக் 'கோடோ'வில் தொடங்காதீர்கள், 'மர்ஃபி'யில் தொடங்குங்கள். மாணவர்களின் கையில் லண்டன் வரைபடத்தையும் மர்ஃபியின் நாலு பென்ஸ் கணக்கையும் கொடுங்கள். அவர்கள் முதலில் சிரிக்கட்டும். அப்புறம் 'கோடோ'வுக்கு வந்தால், அந்த நாடோடிகள் கால் வலிக்கும் பூட்ஸோடும் பசிக்குக் கடிக்க ஒரு கேரட்டோடும் நிற்பது கண்ணில் படும். அபத்தம் என்ற சொல்லை அதுவரை வகுப்பறைக்கு வெளியே வையுங்கள்.