பசுமைக் கட்டடமும் தறி வீடும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இன்று எங்கு நோக்கினும் 'பசுமை' என்னும் சொல்லே ஒலிக்கிறது. பசுமைப் புரட்சியைப் பற்றி நம் பாட்டன்மார் பேசினர். நாம் பசுமைக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறோம். பயிர் பச்சையாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். கட்டடம் எவ்வாறு பச்சையாகும்? சுவருக்குப் பச்சை வண்ணம் பூசுவதால் அன்று. குறைந்த மின்சாரம், குறைந்த தண்ணீர், குறைந்த கழிவு என்னும் கணக்கில் தேறிய கட்டடமே பசுமைக் கட்டடம். தேர்வு எழுதும் நமக்கு மதிப்பெண் போடுவது போலவே கட்டடங்களுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். அமெரிக்காவில் தோன்றிய 'லீட்' என்பது அத்தகைய ஒரு முறை. 'கிரிஹா' என்பது நம் நாட்டு முறை. ஐதராபாத்தில் 2004-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்த சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், லீட் தேர்வில் பிளாட்டினம் என்னும் முதல் வகுப்பில் இந்தியாவில் முதன்முதலாகத் தேறியது. சென்னை கிண்டியில் 2012-இல் திறந்த கிராண்ட் சோழா ஓட்டலும் அதே வகுப்பில் தேறியதுதான்.

சுற்றுச்சூழல் பாடத்திற்காக இவ்வாண்டு நம் வகுப்பு மாணவர்கள் மூன்று இடங்களுக்குச் சென்று வந்தோம். பயணத்தின் சுவையான நிகழ்ச்சிகளை வேறு நண்பர்கள் எழுதட்டும். பார்த்தவற்றால் என் மனத்தில் எழுந்த ஒரு கருத்தை மட்டும் இங்கே கூற விழைகிறேன்.

முதலில் சென்றது சென்னையிலுள்ள ஓர் அலுவலகக் கட்டடம். வெளிச்சுவர் முழுவதும் இரட்டைக் கண்ணாடி. ஆள் நுழைந்தால் விளக்கு தானே எரிகிறது. ஆள் வெளியேறினால் தானே அணைகிறது. கை கழுவிய நீரைச் சுத்திகரித்துக் கழிவறைக்கு அனுப்புகிறார்கள். வியந்து நின்றோம். ஆனால் பெட்டிபோல் மூடிய அக்கட்டடத்தில் குளிரூட்டும் எந்திரம் ஓடாவிட்டால் ஒரு மணி நேரம்கூட மனிதர் இருக்க முடியாது. அப்படியிருந்தும் மின்சாரத்தில் எப்படித் தேறியது என்று கேட்டேன். தன்னைப் போன்ற இன்னொரு குளிரூட்டிய கட்டடத்தைவிட எத்தனை சதவீதம் குறைவாகச் செலவழிக்கிறது என்பதே கணக்கு என்று விளக்கினர். குளிரூட்டியே இல்லாத வீட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்று தோழி ஒருத்தி கேட்டாள். விளக்கம் கூறியவர் நல்லவர். சிரித்துக்கொண்டே அடுத்த மாடிக்கு அழைத்துச் சென்றார்.

இரண்டாவது, ஆரோவில். 1968-இல் தொடங்கியபோது அது செம்மண் அரித்துப்போன பொட்டல் என்பர். இன்று அங்கே காடு நிற்கிறது. மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் அச்சு எந்திரத்தில் அழுத்திக் கல் செய்கிறார்கள். சூளை இல்லை, விறகு இல்லை, புகை இல்லை. ஈரத்தில் நான்கு வாரம் பதப்படுத்தினால் கல் தயார். 1997-இல் கட்டிய சூரிய சமையற்கூடத்தின் கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது; ஏறத்தாழ ஆயிரம் பேருக்குச் சமைக்க நீராவி உண்டாக்கவென அமைத்தது அது. குழியாடி பற்றிப் பாடத்தில் படித்ததை இத்தனை பெரிதாகக் கண்டபோது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி.

மூன்றாவது, உத்திரமேரூர். கட்டடம் பார்க்கப் போன மாணவர்களுக்குக் கல்வெட்டு எதற்கு என்று சிலர் முணுமுணுத்தனர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலை விதிகளை எல்லாரும் அறிவர். அவற்றிலே ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட குழு இருந்ததையும், அதன் பதவிக் காலம் 360 நாள் என்பதையும், கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் மீண்டும் வர இயலாது என்பதையும் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ஏரியை வெட்டுவது ஒரு நாள் புகழ். ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நம் மாநிலத்தில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மிக நல்ல சட்டம். இன்று எங்கள் தெருவில் குழாய் சுவரோடு இறங்குகிறது. அது சேரும் தொட்டியோ மண் மூடிக் கிடக்கிறது. சட்டம் இருக்கிறது, வாரியம் இல்லை.

ஆனால் பழம்பெருமையிலும் மயங்கிவிடக் கூடாது. அந்தக் குடத்தில் ஓலை போடச் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் ஓதியிருக்க வேண்டும். என் முன்னோர் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்கவே முடியாது. ஆகவே பழையது என்பதற்காக ஒன்றைப் போற்றவும் நான் இதை எழுதவில்லை.

என் கருத்துக்கு வருகிறேன். மூன்று இடங்களுக்கும் எங்கள் பேருந்து புறப்பட்டுச் சென்றது பிள்ளையார்பாளையத்தைத் தாண்டித்தான். அங்கே ஒருவரும் இறங்கவில்லை. பசுமைக் கட்டடத்தைப் பற்றி நம் ஊரில் கேட்கவேண்டிய மிகப் பெரிய கேள்வி அந்தத் தெருக்களில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

நான் நெசவாளர் வீட்டுப் பெண். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். தந்தை தறியில் அமர, பள்ளி நாட்களில் கரைப் பக்கத்து நாடாவை எறிந்தவள் நான். எங்கள் வீடு அகலம் குறைந்தது, நீளம் மிகுந்தது. முன்னே திண்ணை, நடுவே முற்றம், அடுத்து ஓட்டுக் கூரையின் கீழே குழித்தறி. நெசவாளரின் கால்கள் தரைக்குக் கீழே குளிர்ந்த குழியில் இருக்கும். பட்டு இழைக்கு ஈரப்பதம் வேண்டும். காற்று வறண்டால் இழை அறும். அதனாலேயே என் தந்தை சித்திரை வெயிலிலும் மின்விசிறியை வேகமாக வைக்க விடமாட்டார். ஓடுகளின் இடுக்கு வழியே சூடான காற்று மேலே போகும். முற்றத்தின் வழியே வெளிச்சம் வரும். இதை எந்தப் பொறியாளரும் வரைபடம் போட்டுத் தரவில்லை.

இப்போது அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. எங்கள் வீட்டையும் இடித்துக் கான்கிரீட் தளம் போட வேண்டும் என்கிறார் என் தந்தை. இதைக் கேட்டு வருந்தும் படித்தவர்கள் பலர். ஐயோ, மரபு அழிகிறதே என்பார்கள். அவர்கள் ஒரு மழைக்காலம் ஓட்டு வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். கோயில் நகரத்துக் குரங்குகளுக்கு ஓடு என்பது விளையாட்டுச் சாமான். உடைந்த ஓட்டின் வழியே விழும் ஒரு சொட்டு நீர், பாவில் பட்டால் பல நாள் உழைப்பு பாழ். ஓடு மாற்றத் தெரிந்த ஆட்களும் அருகிவிட்டார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள்கூடத் தளம் போட்ட வீடா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். "தளம் போட்டாத்தாம்மா வீடு" என்று என் தந்தை சொல்வதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

தவறு வேறிடத்தில் இருக்கிறது. தளம் போட்ட பக்கத்து வீட்டில் இரவு ஒன்பது மணிக்கும் கூரை அனல் கக்குகிறது. பகலெல்லாம் உண்ட வெப்பத்தைக் கான்கிரீட் இரவில் உமிழ்கிறது. அவ்வீட்டில் தறி பாதி நாள் நின்றுவிடுகிறது. மகன் ஒரகடத்துத் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். கூலியே முதற் காரணம் என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும், உட்காரவே முடியாத அறையில் எவன் உட்கார்ந்து நெய்வான்? காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. சேலைக்குக் குறியீடு உண்டு. அதை நெய்யும் அறையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஓடா, தளமா என்று கேட்பதை விட்டு, எப்படிப்பட்ட தளம் என்று கேட்டால் விஞ்ஞானத்தில் விடை இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளை அடுக்கி அவற்றின்மேல் கான்கிரீட் போடச் செய்தார். பாரம் ஏறும்போது தளத்தின் மேற்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. இழுவிசையைத் தாங்குவது கம்பியே; அங்கே கான்கிரீட் வெறும் சுமை. அந்த இடத்தை ஓடு நிரப்பினால் சிமெண்டு மிச்சம், கம்பி மிச்சம், கீழே இறங்கும் வெப்பமும் குறையும். உலகம் முழுவதும் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது என்பதையும் இங்கே எண்ண வேண்டும். நம் ஊரிலோ இடித்த வீட்டின் ஓடுகளைக் கூடையில் அள்ளி ஏரிக்கரையில் கொட்டுகிறோம்! இதை எங்கள் கொத்தனாரிடம் சொன்னேன். "ஓடு வெச்சா தளம் நிக்காது பாப்பா" என்றார். அவர் கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அதைவிட எளிய வழியும் உண்டு. மொட்டை மாடிக்கு வெள்ளை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்ந்த கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நாம் பொங்கலுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோமே, அதில் ஒரு வாளி மாடிக்கும் ஏறினால் என்ன? வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும். கோடை இனிமேல்தான் வரும். பூச்சு வேண்டிய காலத்துக்கு நிற்கும்.

நம் மாநிலத்தில் 2024-இல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவது குறிக்கோள். ஒவ்வொன்றும் 360 சதுர அடி. பெரும்பகுதிக்குக் கான்கிரீட் கூரை. காஞ்சியைச் சுற்றியுள்ள நெசவுக் கிராமங்களிலும் அவை எழும். ஒரு பிளாட்டினம் கட்டடத்தில் மிச்சமாகும் மின்சாரம் பெரிதா, இத்தனை கூரைகளின் வெப்பம் பெரிதா? நம் பேராசிரியர்கள் இந்தக் கணக்கை வகுப்பில் எங்களுக்குக் கொடுக்கலாம்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுக் களப் பயணத்துக்குத் தொலைவு போக வேண்டாம். டவுன் பஸ் போதும். இயற்பியல் ஆய்வகத்திலிருந்து மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஓட்டுக் கூரைத் தறிக்கூடம் ஒன்று, வெறும் தளம் போட்ட அறை ஒன்று, சுண்ணாம்பு பூசிய தளத்தின் கீழ் ஒன்று. சித்திரை முதல் ஆனி வரை, பகல் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் நாங்களே குறித்து வருகிறோம். ஈரப்பதமானி ஒன்றும் கிடைத்தால் நெசவாளர்கள் அதையே முதலில் கேட்பார்கள். கிடைக்கும் எண்களை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம். அதற்கு முன்பே தெருவில் படித்துக் காட்டலாம்.

ஓடு அடுக்கிய தளம் ஒன்றும் வேண்டுமே, அதற்கு வீட்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். என் தந்தை ஆவணி வரை பொறுக்கும்படி கொத்தனாரிடம் தவணை சொல்லி வைத்திருக்கிறார்.