களை பறிக்குமுன் களையின் பெயரறிதல்

வட்டக்கோட்டையின் கருங்கல் மதிலுக்கு ஒருபுறம் கடல். மறுபுறம் தென்னை விளைகளும், வாழைத் தோட்டங்களும், அப்பால் நாஞ்சில் நாட்டு நெல்வயல்களும் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் படைத்தலைவர் டிலன்னாய் இக்கோட்டையைத் திருத்திக் கட்டியது பகைவர் வரவைத் தடுக்கும் பொருட்டாகும். ஆயினும் எருவோடும், விதையோடும், வாய்க்கால் நீரோடும் வரும் பகையை எம்மதிலும் தடுப்பதில்லை. அதைக் களை என்னும் ஒரே பெயரால் குறித்துவிட்டு, இன்னது இன்னதெனப் பிரித்தறியாதிருத்தல் விவசாயிகளுக்கு நேரும் பெருநஷ்டங்களுக்குக் காரணமாகிறது.

கூலியாள் கிடைத்தல் அரிதான இக்காலத்தில் களையின் பெயரை விசாரித்துக் கொண்டிருப்பது வீண் வேலை. கடையில் ஒரு மருந்தை வாங்கித் தெளித்துவிட்டால் காரியம் முடிந்தது என்பது நிலமுடையார் பலருடைய அபிப்பிராயம். கூலியைப் பற்றிய அவர்கள் குறை நியாயமானதே. களைக்கொல்லி மருந்துக்கு உரிய இடமும் உண்டு. ஆனால் பெயரறியாமல் மருந்து வாங்குதல் நோயறியாமல் சூரணம் உண்பதை ஒக்கும். உதாரணமாக, 2,4-டி என்னும் மருந்து அகன்ற இலைக் களைகளையும் கோரை வகைகளையும் கொல்லும், புல்லினத்தைக் கொல்லாது. நெல்லும் புல்லினமாதலால்தான் அது பிழைக்கிறது. நெல்லோடு சேர்ந்து குதிரைவாலிப் புல்லும் பிழைத்துவிடும். இப்புல் மண்டிய வயலில் இம்மருந்தைத் தெளிப்பவர் பணத்தையும் பருவத்தையும் ஒருங்கே இழப்பர். காற்றில் பறந்த துளிகள் பக்கத்து விளையிலுள்ள கத்தரிச் செடியின்மேல் படுமாயின் அயலாரோடு வழக்கும் நேரும்.

ஆகவே முதற்கண் மூவகையைப் பிரித்தறிதல் வேண்டும். தண்டு உருண்டு கணுக்களோடு கூடியது புல். தண்டு கணுவின்றி மூன்று பட்டையாக இருப்பது கோரை. விரலிடையே உருட்டிப் பார்த்தால் விளிம்பு தட்டுப்படும். இலை அகன்று வலைபோல் நரம்போடியவை மூன்றாம் வகை. இவ்வளவையும் அறிதற்குப் பள்ளிப் படிப்பு வேண்டுவதில்லை.

நாற்றங்காலில் குதிரைவாலிப் புல்லும் நெல்நாற்றும் உருவில் ஒத்திருக்கும். இலை தண்டைத் தழுவும் மூட்டினை விரித்துப் பார்த்தால் நெல்லில் மெல்லிய சவ்வு நாக்கு ஒன்றும், பக்கத்தில் சிறு காதுகளும் காணப்படும். குதிரைவாலியில் அவ்விரண்டும் இல்லை. கன்னிப்பூவிலோ கும்பப்பூவிலோ இதனை நாற்றங்காலிலேயே பறித்தெறியாவிடின், நாற்றுமுடியோடு சேர்ந்து வயலில் நடப்பட்டுவிடும். பின்னர் அதைப் பறிக்க மறுபடியும் கூலி கொடுக்க நேரும்.

கோரையின் தொல்லை வேறு விதமானது. அதன் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலிபோல் தொடர்ந்திருப்பதால் மேலே செதுக்கினால் மீண்டும் தழைக்கும். ஈர மண்ணில் உழுதால் சங்கிலி அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகும். கோடையில் உழுது கிழங்குகளை வெயிலில் உலரவிடுவதே தக்க வழி. விதையால் பரவுவதைப் பூக்குமுன் அழிக்க வேண்டும். கிழங்கால் பரவுவதைக் கிழங்கோடு அழிக்க வேண்டும்.

தானே முளைத்தவை யாவும் பகையென்று கொள்ளுதலும் தவறு. வீட்டுத் தோட்டத்தில் மூன்றிலையும் புளிப்புச் சுவையும் உடையது புளியாரை. வயல் நீரில் நான்கிலையோடு நிற்பது ஆரைக்கீரை. இரண்டும் உண்ணத்தக்கவை. ஆயினும் ஆரை வயலில் மண்டினால் நெல்லுக்குக் களையே. காமாலைக்கு வேண்டிக் கீழாநெல்லியைத் தேடுவோர், இலைக்காம்பின் அடிப்புறத்தில் காய்கள் வரிசையாகத் தொங்குவதைக் காண வேண்டும். கிள்ளினால் பால் வருமாயின் அது கீழாநெல்லியன்று. அம்மான்பச்சரிசி போன்ற வேறு பூண்டாகும். மருந்துக்குரிய செடியைத் தப்பாக எடுத்தலால் வரும் கேடு பயிர்நஷ்டத்தினும் பெரிது.

இத்தகைய அறிவு இந்நாட்டுக்குப் புதிதன்று. டச்சுக் கவர்னராயிருந்த வான்ரீடு மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றித் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. அதிலுள்ள 742 செடிகளின் விவரங்களுக்கு இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களின் அறிவே ஆதாரமாயிற்று. இன்று நாஞ்சில் நாட்டு வயல்களில் அவ்வறிவுக்கு உடையவர்கள் களை பறிக்கும் பெண்களே. நாற்றையும் புல்லையும் அவர்கள் தொட்ட மாத்திரத்தில் பிரித்துவிடுவர். அவர்களில் பலர் வயோதிகர். அடுத்த தலைமுறையினர் வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். அவர்கள் சொல்லும் பெயர்களையும் அடையாளங்களையும் இப்பொழுதே எழுதி வையாவிடின் பின்னர் எவரிடம் கேட்பது?

புதிய களை வரும்பொழுது இவ்வறிவின் அருமை விளங்கும். அமெரிக்கக் கண்டத்துப் பூண்டாகிய பார்த்தீனியம் 1950களின் நடுவில் பூனா நகரத்தில் கவனத்துக்கு வந்தது; பின்னர் தேசமெங்கும் பரவிவிட்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். அதைத் தொடுவோருக்குத் தோலில் அரிப்பும், சிலருக்கு மூச்சுத் திணறலும் உண்டாகும். காரட் இலைபோல் பிளவுபட்ட இலைகளையும் சிறு வெண்பூக்களையும் கொண்டு அதனை அறியலாம். அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை குமரி ஜில்லாக் குளங்களிலும் நீரை மூடி நிற்கிறது. இவை பத்துச் செடிகளாயிருந்த காலத்தில் ஒருவர் கையால் பறித்திருக்கலாம். இப்பொழுதோ பெரும் பொருட்செலவு தேவைப்படுகிறது.

இவ்விஷயத்தில் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் கடமையுண்டு. அடங்கல் எழுதும்பொருட்டு அவர்கள் சர்வே எண்தோறும் பயிரைப் பார்வையிடுகின்றனர். அச்சமயம் முன் காணாத பூண்டு ஏதேனும் தென்பட்டால் அதனையும் ஒரு குறிப்பேட்டில் இடத்தோடும் தேதியோடும் பதிவு செய்தல் பெருஞ்சிரமமன்று. புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் வளரும் களைகளுக்கு உடையவர் எவருமில்லை. அங்கிருந்தே விதை வயல்களுக்குச் செல்கிறது. ஆதலால் தனியொருவர் தம் நிலத்தைச் சுத்தி செய்தல் மட்டும் போதாது.

நிலமுடையார் செய்யத்தக்கதும் எளிதே. பெயர் தெரியாத செடியை வேரும் பூவும் சிதையாமல் எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டலாம். பார்த்தீனியம் என ஐயமிருப்பின் கையுறையின்றித் தொடலாகாது. முதலில் ஊரிலுள்ள வயது முதிர்ந்த களையெடுப்பாரிடம் கேட்பது இன்னும் நலம். பெயரும் பரவும் வழியும் தெரிந்த பின்னரே மண்வெட்டியா, மருந்தா, கோடையுழவா என்பதைத் தீர்மானித்தல் தகும். வருகிற பருவத்தில் நாற்றுப் பாவுமுன் ஒவ்வொரு கிராமத்தாரும் தங்கள் வயலிலும் விளையிலும் உள்ள களைகளின் பட்டியலொன்றைத் தயாரித்துக்கொள்வார்களாயின், அப்பருவத்துக் களைக்கூலியிலேயே அதன் பயன் தெரியவரும்.