எதனை முதலில் நடுவது?

புதிய நெல்லினத்தைப் பழையதோடு ஒப்பிட விரும்பும் கமக்காரர் பலர், பழையதை முழுவதும் நட்டு முடித்த பின்னரே புதியதை நடுகின்றனர். இது தவறு என்பதே எமது கருத்து. நாள் செல்லச் செல்ல நாற்றுமேடையில் எஞ்சிய நாற்று முதிரும். சிறுபோகமாயின் குளத்து நீரும் குறையும். பின்னர் நட்டது குறைவாக விளைந்தால், குற்றம் இனத்தினதா, காலத்தினதா? நல்ல விதையை வீணே கைவிட நேரலாம்.

ஆகையால், நாள்தோறும் இரண்டினத்திலும் ஒவ்வொரு பாத்தி நடுக. எது முந்துவது, எந்தப் பாத்தி எதற்கு என்பவற்றைத் திருவுளச்சீட்டே தீர்மானிக்கட்டும். நாமே தெரிந்தால், நம்மையறியாமலே விரும்பியதற்கு நல்ல இடமளிப்போம். ஆங்கில அறிஞர் பிஷர் 1935இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியதும் இதனையே. மிளகாய், கத்தரி நடுகைக்கும் இம்முறை பொருந்தும்.

சீட்டெடுக்கச் சிறிது நேரமே செல்லும். தவறான முடிவால் இழப்பதோ ஒரு போகம்.