பிரம்பும் பிள்ளையின் மூளையும்



பிள்ளையை மக்தபில் சேர்க்க வரும் பெற்றோர் பலர் இன்றும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டே செல்கின்றனர்: "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜ்ரத்!" உஸ்தாதின் மீதுள்ள மரியாதையால் சொல்லப்படுவது அது, பிள்ளை எப்படியாவது ஓதிவிட வேண்டுமே என்ற கவலையும் அதில் உண்டு. ஆயினும் அருகில் நின்று அச்சொல்லைக் கேட்கும் ஏழு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது? ஓதிக் கொடுக்கும் பணியில் இருக்கும் நாமே இதைப் பேசியாக வேண்டும். மக்தபுகளிலிருந்து பிரம்பு முற்றிலும் வெளியேற வேண்டும் என்பது நம் கருத்து.

மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி உண்டு. ஆபத்தை முதலில் உணர்ந்து உடலை எச்சரிப்பது அதன் பணி. அது விழித்துக்கொண்டதும் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன, இதயம் படபடக்கிறது, உடல் ஓடவோ ஒடுங்கவோ ஆயத்தமாகிறது. அதே வேளையில் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியின் செயல் தளர்ந்துவிடுகிறது. கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்தி வைக்கவும், ஒன்றோடொன்று ஒப்பிடவும், பிழையைத் தானே திருத்திக் கொள்ளவும் உதவுவது அப்பகுதிதான். ஸீனையும் ஸாதையும் பிரித்தறிந்து உச்சரிக்க வேண்டிய பிள்ளைக்கு அந்நேரத்தில் மிகவும் தேவைப்படுவதும் அதுவே. வளர்ந்த மனிதனிடம்கூட இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் அது முதிர்ச்சி பெறுகிறது. வீட்டில் உம்மாவிடம் தடையின்றி ஓதிக் காட்டிய பிள்ளை, உஸ்தாதின் கை பிரம்பை நோக்கி நீண்டதும் அதே ஆயத்தில் திக்கி நிற்பதைப் பிடிவாதம் என்று கருதுவது அறியாமை.

"நாங்கள் அடி வாங்கித்தானே ஹாஃபிழ் ஆனோம்" என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. அச்சம் நினைவை ஆழப் பதிக்கும் என்பதும் உண்மையே. ஆனால் அது பதிப்பது பெரும்பாலும் அச்சுறுத்திய பொருளைத்தான்: அந்த அறையை, அந்தக் குரலை, அந்தக் கையை. பாடமும் கூடவே பதியும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், பட்டமளிப்பு மேடையில் ஏறியவர்களை நாம் எண்ணுகிறோம். பாதியில் நின்றுபோனவர்களை எந்த மஹல்லாவிலும் எவரும் எண்ணுவதில்லை.

பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கலாம் என்ற நபிமொழி நினைவூட்டப்படும். அபூதாவூதில் பதிவான அந்த நபிமொழியை முழுமையாக வாசிப்போம். ஏழு வயதில் ஏவுதல் தொடங்குகிறது. பத்து வயது வரை அடி என்ற பேச்சே இல்லை. நாளொன்றுக்கு ஐந்து வேளை, மூன்று ஆண்டுகள் என்று கணக்கிட்டால், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அன்பாகச் சொல்லியாக வேண்டும். அதன் பிறகும் காயப்படுத்தக் கூடாது, முகத்தில் அடிக்கக் கூடாது என்று ஃபகீஹ்கள் வேலியிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சபக் மனனமாகவில்லை என்று பிரம்பெடுப்பதற்கு இதில் எங்கே ஆதாரம் உள்ளது? பெருமானார் (ஸல்) அவர்கள் போர்க்களத்திலன்றி எவரையும் தம் கரத்தால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை ஒருமுறைகூடக் கடிந்து கொண்டதில்லை என்று சாட்சி கூறுகின்றார்கள். சிறுவயதிலேயே அந்தச் சபையில் சேர்ந்தவர் பிற்காலத்தில் ஹதீஸ்களை மிகுதியாக அறிவித்தோரில் ஒருவரானார் என்பதைக் கற்பிப்போர் கவனிக்க வேண்டும்.

கடுமையாக நடத்தப்படும் மாணவன் பொய்யும் பாசாங்கும் பழகுகிறான், உற்சாகம் இழக்கிறான் என்று 1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் எச்சரித்துவிட்டார். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. 2012 திருத்தம் மதரஸாக்களை அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிற்று. மார்க்கக் கல்வியைக் காப்பதற்கான அந்த விலக்கைப் பிரம்புக்கான அனுமதியாக யாரும் எடுத்துக்கொள்ளலாகாது.

பிரம்பு ஒருபுறமிருக்க, முன்பே காயப்பட்ட உள்ளத்தோடு மக்தபுக்கு வரும் பிள்ளைகளும் உள்ளனர். அத்தாவை விபத்தில் இழந்த பிள்ளை இரவில் அலறுகிறது, படுக்கையை நனைக்கிறது, கதவு சாத்தும் ஓசைக்கும் துள்ளுகிறது. அமிக்டலா இன்னும் அணையாத எச்சரிக்கை மணியாய் ஒலித்துக் கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். நாமோ "ஸப்ரு செய், அழாதே" என்கிறோம். அல்லது ஜின் தீண்டியது என்று முடிவு செய்கிறோம். மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. மகனைப் பிரிந்த யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்தன என்று குர்ஆன் கூறுகிறது. அழுகை ஸப்ருக்கு எதிரானதாக இருந்திருக்குமாயின் இவை நமக்குச் சொல்லப்பட்டிருக்குமா?

ஓதிப் பார்ப்பது சுன்னத். அதை நாம் மறுக்கவில்லை. மருத்துவமும் சுன்னத்தே. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நோய்களைப் போலவே அச்சம், துயரம், கோபம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்கும் சிகிச்சை தேவை என்று தம் நூலில் எழுதினார். அந்த மரபுக்கு உரிய நம் கண்ணெதிரேதான் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் தீயில் மாண்டனர். இன்று 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைத்தால் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை கிடைக்கிறது. இதை ஜும்ஆ மேடையில் அறிவிப்பதில் கூச்சம் எதற்கு?

காயம்பட்ட மூளை தேறும் என்பது இவ்வறிவியல் தரும் நற்செய்தி. ருமேனியாவின் அனாதை இல்லங்களில் அன்பான கவனிப்பின்றிக் கிடந்த 136 குழந்தைகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டு முதல் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் அறிவுத்திறனும் பிறரோடு ஒட்டும் இயல்பும் இல்லங்களிலேயே இருந்தவர்களை விட மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன் சென்றவர்கள் அதிகம் தேறினார்கள். எதீமை வீட்டில் வைத்து வளர்க்கச் சொன்ன மார்க்கத்தவர்க்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. நிலையாக அன்பு காட்டும் பெரியவர் ஒருவரேனும் இருப்பது பிள்ளை மீள்வதற்குப் பெருந்துணை. அவர் உஸ்தாதாகவும் இருக்கலாம்.

ஆனால் உஸ்தாதின் நிலையையும் சொல்லியாக வேண்டும். மஃரிபுக்குப் பின் ஒன்றரை மணி நேரம், ஐம்பது பிள்ளைகள், ஓர் உஸ்தாத். பிள்ளை ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. இந்நிலையில் பிரம்பு, கூட்டத்தை அடக்கும் கருவியாகவே கையில் ஏறுகிறது. பிள்ளைகளைப் பாதியாகப் பிரித்தால் அதன் தேவை பெரும்பாலும் மறைந்துவிடும்; அதற்கு இன்னோர் உஸ்தாத் வேண்டும், அவருக்குக் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் வேண்டும். மண்டபத்துக்கு டைல்ஸ் பதிக்கப் பணம் திரட்டும் ஜமாஅத்துகளால் இது இயலாததன்று. ஷவ்வாலில் புதிய கல்வியாண்டு தொடங்குமுன், இன்ஷா அல்லாஹ், நிர்வாகக் கூட்டங்களில் முதலில் இந்தச் செலவுக் கணக்கை எடுத்துப் பேசுங்கள்.