சண்டைப் படமும் ஒரு கிழிந்த நோட்டும்

நண்பர்களே, சிரிக்காமல் படியுங்கள். தினம் ஒரு குறளும் விளக்கமும் போடுகிற வாத்தியார் என்றுதான் இங்கே பலருக்கும் என்னைத் தெரியும். அதே ஆள் இப்போது சண்டைப் பட இயக்குநர்களுக்குத் தீவிர ரசிகன். நடிகர்களுக்கு இல்லை, இயக்குநர்களுக்கு.

ஆரம்பித்து வைத்தவன் பேரன். கோடை விடுமுறைக்கு வந்தவன் டிவியில் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' போட்டான். 2015இல் வந்த படம். பாலைவனத்தில் ஒரு லாரியை ஒரு கூட்டமே துரத்துகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். வசனம் எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் யார் எந்த வண்டியில் இருக்கிறார், எந்தப் பக்கம் போகிறார் என்பதில் குழப்பமே வரவில்லை. "முக்கியமானதை எல்லாம் திரைக்கு நடுவிலேயே வெச்சிருக்காங்க தாத்தா, ஷாட் மாறினாலும் கண்ணு தேட வேண்டாம்" என்றான்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது இதுதானே! கரும்பலகையை மறைத்து நிற்காதே, பையனின் கண் எங்கே போகிறது என்று பார்த்து எழுது. முப்பத்தைந்து வருடம் சாக்பீஸோடு நான் செய்ததை ஒருவர் வண்டிகளை வைத்துச் செய்திருக்கிறார். அவர் ஜார்ஜ் மில்லர், ஆஸ்திரேலியக்காரர், மருத்துவம் படித்தவர். இந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது 70. 480 மணி நேரக் காட்சிகளை வெட்டித் தொகுத்து ஆஸ்கர் வாங்கியவர் அவர் மனைவி மார்கரெட் சிக்ஸல்.

பிறகு லோகேஷ் கனகராஜின் 'கைதி'யை மறுபடி பார்த்தேன். ஒரே இரவு, பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. ஒருபுறம் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் லாரி, மறுபுறம் ஒரு வயதான கான்ஸ்டபிளும் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளும் காக்கிற கமிஷனர் ஆபீஸ். இரண்டு இடமும் இருட்டு, இருந்தும் நமக்கு வழி தவறவில்லை. அவருடைய பிந்தைய படங்களில் ரத்தம் கூடிவிட்டது என்பது என் குறை. இதைச் சொன்னால் பேரன் சண்டைக்கு வருகிறான்.

"சண்டைப் படம் எல்லாம் ஒரு படமா சார்" என்று கேட்கும் என் சக ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன்: கேமராவை ஆட்டி ஆட்டி, அரை நொடிக்கு ஒரு வெட்டு வெட்டி, யார் யாரை அடித்தார் என்றே தெரியாமல் எடுக்கிறார்களே, அதைத் திட்டுங்கள், நானும் வருகிறேன். தெளிவாகச் சண்டை எடுப்பது ஒரு கணக்கைத் தெளிவாகப் போட்டுக் காட்டுவது மாதிரி. லேசில் வராது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் உண்டு. மில்லர் அந்தப் படத்தை முதலில் வசனமாக எழுதவில்லையாம். கட்டம் கட்டமாக வரைய வைத்தாராம், சுமார் 3,500 படங்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1994. என் ஏழாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். ஒரு பையன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு லாரி துரத்தல் வரைந்திருந்தான். முதல் கட்டத்தில் லாரி தூரத்தில் புள்ளியாக, அடுத்ததில் சக்கரம் மட்டும், அதற்கடுத்து டிரைவரின் கண். எட்டுப் பக்கம். வகுப்பின் முன்னால் நிற்கவைத்து அத்தனையையும் கிழித்தேன். "நீ உருப்பட மாட்டே" என்றும் சொன்னேன். அவன் அழவில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

கண்டிக்க வேண்டியதுதான், கணக்குப் பாடத்தில் வரைந்தது தப்புதான் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அந்தச் சக்கரக் கட்டம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. நன்றாகத்தான் வரைந்திருந்தான்.

அவனுக்கு இப்போது நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு வயது இருக்கும். ஃபேஸ்புக்கில் தேடினேன், அதே பெயரில் ஏகப்பட்ட பேர். அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவன் எண் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், கமெண்டில் போட வேண்டாம்.