முதல் ராக்கெட்டுக்கு முன் ஊருக்கொரு திட்டம்

குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சிப் பகுதிகளில் 2,200 ஏக்கருக்கு மேல் நிலம் இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. இடத்தேர்வில் குறை சொல்ல முடியாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குக் கிளம்பும் ராக்கெட் இலங்கைமேல் பறக்கக் கூடாது என்பதால் வளைந்து போகிறது. சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவு தாங்க முடியாத எரிபொருள் செலவு. இங்கோ தெற்கே திறந்த கடல். ஆனால் வேலிக்கு உள்ளே அங்குலம் அங்குலமாகக் கணக்குப் போடும் அரசு, வேலிக்கு வெளியே வளரப்போகும் ஊருக்கும் கணக்குப் போட வேண்டும். குலசேகரன்பட்டினம், உடன்குடி, மணப்பாடு வட்டாரத்துக்குச் சட்டப்படியான முழுமைத் திட்டம் ஒன்று முதல் ராக்கெட் எழும்பும் முன்பே நடைமுறைக்கு வர வேண்டும் என்பது நம் கோரிக்கை.

பெருநகரவாசிகள் இன்று படும் பாடு எதுவும் பெருநகரத்தில் தொடங்கியதில்லை. அது ஊராட்சியாக, பேரூராட்சியாக இருந்த காலத்தில் யாரும் கவனிக்காமல் விட்டதில் தொடங்கியது. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையைப் பாருங்கள். பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் 2011 வரை மாநகராட்சிக்கு வெளியே இருந்த உள்ளாட்சிகள். கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் முதலில் வந்தன; குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பல ஆண்டுகள் பின்தங்கின. இடைக்காலத்தில் தண்ணீர் லாரியில் வந்தது, கழிவும் லாரியில் போனது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைக்கும் போயிற்று. 2015-இல் வெள்ளம், 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர். கட்டி முடித்த நகரத்துக்கு அடியில் குழாய் பதிப்பதற்கு ஆகும் பணத்தையும் காலத்தையும் சென்னை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இது சிற்றூர், ஏவுதளம் வந்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்துவிடும், இதற்குப் போய் நகரத் திட்டமா என்று கேட்பார்கள். ஏவுதளத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயம். ஆனால் பக்கத்திலேயே உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. விண்வெளித் தொழில்களைத் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஈர்க்க மாநில அரசே முனைகிறது. மேலும், குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஒத்திகை காட்டுகிறது. வேடமணிந்தவர்களும் பக்தர்களுமாக லட்சக்கணக்கானோர் கூடும்போது குடிநீர், கழிப்பறை, போக்குவரத்து எல்லாம் ஒரு நகரத்தின் அளவில் தேவைப்படுகின்றன. பத்து நாள் தற்காலிக ஏற்பாடுகளால் சமாளித்துவிடலாம். ஆண்டு முழுவதும் அப்படிச் சமாளிக்க எந்த ஊராட்சியாலும் ஆகாது.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் நம்மை அஞ்ச வைக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதன் தென்கால் கடைமடைக்கும் தெற்கே இருக்கிறது இந்தக் கரை. அந்த அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் எடுத்ததை எதிர்த்து விவசாயிகள் பல ஆண்டுகள் போராடியதை மறந்துவிட முடியாது. இன்னொரு தொழில் வட்டாரத்தின் தாகத்தையும் அதே ஆற்றின் தலையில் கட்டக் கூடாது. கூடங்குளம் அணுமின் நிலையம் கடல்நீரைக் குடிநீராக்கிப் பயன்படுத்துகிறது. இங்கு வரும் ஒவ்வொரு பெரிய ஆலைக்கும் அதுவே அனுமதியின் நிபந்தனையாக இருக்கட்டும். கிணறுகளில் உப்பு ஏறும் இந்தப் பகுதியில் மழையை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்புவது செம்மணல் தேரி. பனையும் உடன்குடிக் கருப்பட்டியும் நிற்பது அந்த மண்ணில். தேரியை வீட்டுமனையாக்கினால் ஊற்றை அடைத்ததாகும். வெள்ளப் பாதையும் அப்படியே. 2023 டிசம்பர் 17-18-இல் சற்று வடக்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் போன வழிகளைக் குறித்து வைத்து, அங்கெல்லாம் கட்டடம் கூடாது என்று இப்போதே விதிக்க வேண்டும்.

திட்டம் தீட்டிக்கொண்டிருந்தால் முதலீடு ஓடிவிடும் என்பது அடுத்த வாதம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இலிருந்தே இருக்கிறது. புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீரும் சாலையும் உறுதியான ஊரைத்தான் நிலைத்து நிற்க விரும்பும் நிறுவனமும் தேடும். முதலீடு மட்டும் ஓர் ஊரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. இங்கே ஒரு காலத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இருந்தது, திசையன்விளைக்குச் சிறு ரயிலும் ஓடியது, இரண்டும் போய்விட்டன.

மீனவர்களின் கணக்கு தனியே பேசப்பட வேண்டியது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை வருவது வழக்கம். மணப்பாடு, ஆலந்தலை, அமலிநகர் மீனவர்களுக்கும் அதுவே நேரும். அந்த நாள்களின் கூலியை நாடு ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு, எப்போது, யார் கையில் என்பதை மாநில அரசும் இஸ்ரோவும் மீனவர் பிரதிநிதிகளை உடன்வைத்து, முதல் ஏவுதலுக்கு நாள் குறிக்கும் முன்பே அரசாணையாக வெளியிட வேண்டும்.